ஹெலன் கெல்லர் பரீட்சை எழுதிய கதை

1899-ம் ஆண்டு ஜூன் மாதம் 29-ந் தேதி. அமெரிக்காவில் ராட்கிளிஃப் என்ற பெண்கள் கல்லூரியில் சேருவதற்காக ஒரு பெண் பரீட்சைக்கு வந்து உட்கார்ந்தாள். இரண்டு நாளைக்கு முன்னால்தான் அவளுக்கு 19 வயது நிறைந்திருந்தது.

அவள் எதிரில் ஒரு டைப்ரைட்டர். அறையில் அவளைத் தவிர இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர், கேள்வித் தாளை அவள் படிக்கும் எழுத்தில் எழுதிக் கொடுக்க வந்தவர். மற்றவர் மேற்பார்வை பார்க்க வந்தவர். இருவருமே அவளுக்குப் புதியவர்கள்.

அந்தப் பெண்ணுக்குக் கண் தெரியாது. காதும் கேட்காது. பன்னிரண்டு வருஷமாக அவளுக்குக் கண்ணாகவும் காதாகவும் இருந்து வந்த ஆசிரியை, அன்று கேள்விகளைப் படித்துச் சொல்லக் கூடாது என்று தடுக்கப்பட்டார். கல்லூரியின் உத்தரவு அப்படி.

அந்தப் பெண்தான் ஹெலன் கெல்லர். தண்ணீர்க் குழாயடியில் அவள் முதல் சொல்லைக் கற்றுக்கொண்ட கதையைப் படிக்காதவர்கள் குறைவு. ஆனால், பள்ளிக்கூடத்தோடும் பரீட்சையோடும் அவள் பட்ட பாடு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. குழாயடிக் கதை ஒரே நாளில் முடிந்துவிட்டது. பள்ளிக்கூடக் கதை எட்டு வருஷம் நீடித்தது!

19 மாதக் குழந்தை

அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம் இருக்கிறது. அங்கே டஸ்கம்பியா என்ற சிற்றூரில் 1880-ம் ஆண்டு ஜூன் 27-ந் தேதி ஹெலன் பிறந்தாள். தந்தை ஆர்தர் கெல்லர், போரில் காப்டனாக இருந்தவர். தாய் கேட் கெல்லர்.

குழந்தைக்கு 19 மாதம் ஆனபோது கடும் காய்ச்சல் வந்தது. உயிர் பிழைத்தது. ஆனால், பார்வையும் போயிற்று. கேட்கும் சக்தியும் போயிற்று. காது கேளாததால் பேச்சும் வரவில்லை.

ஹெலனுக்கு ஆறே முக்கால் வயது நடந்தபோது, 1887-ம் ஆண்டு மார்ச் 3-ந் தேதி, பாஸ்டன் நகரிலிருந்து ஓர் ஆசிரியை வந்து சேர்ந்தார். பெயர் ஆன் சல்லிவன். அவருக்கு வயது 20. அவரும் சிறு வயதில் பார்வை மங்கி, பெர்க்கின்ஸ் பள்ளி என்ற கண் தெரியாதவர்கள் பள்ளியில் படித்தவர். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஓரளவு பார்வை திரும்பியிருந்தது.

சல்லிவன் ஹெலனின் உள்ளங்கையில் விரல்களால் எழுத்துக்களைக் காட்டினார். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல்களை ஒவ்வொரு விதமாக வைக்கவேண்டும். ஹெலன் அதைத் தொட்டுப் பார்த்து எழுத்தை அறிந்து கொள்வாள். ஒரு மாதத்தில் அந்த எழுத்துக்களுக்குப் பொருள் உண்டு என்று அவளுக்கு விளங்கிவிட்டது. அதன் பிறகு அவளைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. தடித்த காகிதத்தில் எழும்பியிருக்கும் எழுத்துக்களைத் தடவிப் படித்தாள். டைப் அடிக்கப் பழகினாள். பத்து வயதில் பேசவும் முயன்றாள். அவள் பேச்சு புதியவர்களுக்கு எளிதில் புரியாது. ஆனாலும் பேசினாள்.

சிறு பெண்ணாக இருந்தபோதே, தான் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படிக்கப் போவதாகச் சொல்லி எல்லோரையும் திகைக்க வைத்தாள். அப்போது ஹார்வர்டில் பெண்களைச் சேர்ப்பதில்லை. அதை ஒட்டி இருந்த பெண்கள் கல்லூரிதான் ராட்கிளிஃப். ஹார்வர்ட் பேராசிரியர்களே அங்கே வந்து பாடம் நடத்தினார்கள். நுழைவுப் பரீட்சைக்கும் ஹார்வர்டின் கேள்வித் தாள்தான்.

கண்ணும் காதும் உள்ள பெண்களே அஞ்சும் பரீட்சை அது. நண்பர்கள் பலர் வேண்டாம் என்று தடுத்தார்கள். ஹெலன் கேட்கவில்லை.

பள்ளிக்கூடம் சம்மதித்தது

கேம்பிரிட்ஜ் பெண்கள் பள்ளி என்று ஒரு பள்ளி இருந்தது. ராட்கிளிஃப் பரீட்சைக்குப் பெண்களைத் தயார் செய்யும் பள்ளி அது. அதை நடத்தியவர் ஆர்தர் கில்மன். இவர் சாமானிய மனிதர் அல்ல. ராட்கிளிஃப் கல்லூரி உருவாகக் காரணமாக இருந்தவர்களில் இவரும் இவர் மனைவியும் முக்கியமானவர்கள். பெண்களுக்கு ஹார்வர்ட் கதவைத் தட்டித் திறந்தவர் என்றே சொல்லலாம்.

1896-ம் ஆண்டு அக்டோபரில் ஹெலனை இந்தப் பள்ளியில் சேர்த்துக்கொண்டார் கில்மன். அதற்கு இரண்டு மாதம் முன்புதான் ஹெலனின் தந்தை காலமாகியிருந்தார். குடும்பத்தில் பணக் கஷ்டம். பிரபல எழுத்தாளர் மார்க் ட்வைன் தமது நண்பரான செல்வர் ரோஜர்ஸ் குடும்பத்துக்குக் கடிதம் எழுதி உதவி கேட்டார். அவர்கள் உதவினார்கள்.

பள்ளியில் ஏற்பாடு இதுதான். ஹெலன் மற்றப் பெண்களோடு வகுப்பில் உட்காரலாம். சல்லிவன் பக்கத்தில் இருந்து, ஆசிரியர் சொல்வதை எல்லாம் கையில் எழுதிக் காட்டலாம். வீட்டுப் பாடத்தை ஹெலன் டைப் அடித்துக் கொண்டு வரலாம்.

கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆயிற்று?

அந்தப் பள்ளி ஆசிரியர்கள் அதுவரை இப்படி ஒரு மாணவிக்குப் பாடம் சொன்னதே இல்லை. வகுப்பில் பாடம் வேகமாகப் போகும். சல்லிவனின் விரல் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும். ஹெலன் குறிப்பு எழுதிக்கொள்ள முடியாது. காரணம், கேட்பதும் கையால்தான், எழுதுவதும் கையால்தான். கேட்கிற கை எப்படி எழுதும்?

தடவிப் படிக்கும் புத்தகங்கள் சரியான காலத்தில் வரவில்லை. லண்டனிலும் பிலடெல்பியாவிலும் நண்பர்கள் முயன்று அச்சிட்டும், பல புத்தகங்கள் தாமதமாகவே கிடைத்தன. அதுவரை லத்தீன் பாடத்தை ஹெலனே புள்ளி எழுத்தில் நகல் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. மற்றப் புத்தகங்களைச் சல்லிவன் வரிக்கு வரி கையில் எழுதிக் காட்டினார். அகராதியில் சொல் தேடுவதும் அவர் வேலைதான். அந்த அம்மாளின் கண்ணோ அரைக் கண்!

பள்ளி முழுவதிலும் விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஜெர்மன் மொழி ஆசிரியை. மற்றவர் கில்மன். ஜெர்மன் ஆசிரியைக்கு விரல் வேகமாக ஓடாது. ஆனாலும், வாரம் இரண்டு முறை ஹெலனைத் தனியாக வைத்துச் சொல்லிக் கொடுத்தார். சல்லிவனுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கட்டும் என்றுதான் அப்படிச் செய்தார். அந்த வருஷம் ஹெலன் ஜெர்மனில் எல்லாரையும் வியக்க வைத்தாள் என்றால், அதில் ஆச்சரியம் இல்லை.

233-ம் நம்பர்

1897-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி முதல் ஜூலை 3-ந் தேதி வரை முதல் கட்டப் பரீட்சை நடந்தது.

பரீட்சை எழுதுகிறவர்களுக்குப் பெயர் கிடையாது, நம்பர்தான். ஹெலனின் நம்பர் 233. ஆனால், டைப் அடித்த தாள் அவளுடையது மட்டுந்தான். ஆகவே நம்பர் இருந்தும் பயன் இல்லை. யாருடைய தாள் என்று எல்லோருக்கும் தெரியும்.

டைப்ரைட்டர் சத்தம் மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று அவளுக்குத் தனி அறை கொடுத்தார்கள். கேள்வித் தாள் ஹார்வர்டிலிருந்து ஆள் மூலம் வந்தது. கதவுக்கு வெளியே காவல் போட்டார்கள்.

கில்மனே ஹெலன் பக்கத்தில் உட்கார்ந்தார். முதலில் கேள்வித் தாள் முழுவதையும் கையில் எழுதிக் காட்டினார். பிறகு ஒவ்வொரு வாக்கியமாகக் காட்டினார். ஹெலன் அதை வாய்விட்டுத் திருப்பிச் சொன்னாள். சரியாகப் புரிந்ததா என்று உறுதிப்படுத்திக்கொள்ள இந்த ஏற்பாடு. அவள் டைப் அடித்து முடித்ததும், அவள் எழுதியதை அவளுக்கே படித்துக் காட்டினார். அவள் சொன்ன திருத்தங்களைத் தாளில் போட்டார்.

பார்வை உள்ள பிள்ளை, தான் எழுதியதைத் தானே ஒரு முறை பார்த்துக்கொள்கிறது அல்லவா? அதே வசதிதான் இது. அதிகமாக ஒன்றும் இல்லை.

முடிவு வந்தது. எழுதிய பாடம் எல்லாவற்றிலும் ஹெலன் தேறிவிட்டாள். ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் தனிச் சிறப்பு!

வசதி ஒழுங்காகக் கிடைத்தால் அவளால் என்ன முடியும் என்பதற்கு அந்த ஐந்து நாள் போதும்.

கம்பியும் மெத்தையும்

இரண்டாம் வருஷம் தொல்லை தொடங்கியது.

அந்த வருஷம் கணக்குப் பாடமே அதிகம். அல்ஜீப்ரா, ஜியாமெட்ரி, பௌதிகம், வான சாஸ்திரம். அதோடு கிரேக்கமும் லத்தீனும். தேவையான புத்தகங்கள் தயாராக இல்லை. கருவிகளும் இல்லை. வகுப்பில் கூட்டம் அதிகம். தனியாகச் சொல்லிக் கொடுக்க ஆசிரியர்களுக்கு நேரம் இல்லை.

கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. கதை எழுதும்போது முன் வாக்கியத்தைத் திரும்பிப் பார்க்காமல் எழுதிவிடலாம். அல்ஜீப்ராவில் அது நடக்காது. மேல் வரியைப் பார்த்துத்தான் கீழ் வரி எழுத வேண்டும். டைப் அடித்ததை ஹெலன் தடவிப் பார்க்க முடியாது. புள்ளி எழுத்து எழுதும் கருவி இருந்தால், தான் போட்ட கணக்கைத் தானே தடவிப் பார்க்கலாம். அந்தக் கருவி வந்து சேரும் வரை அவள் அல்ஜீப்ரா போடவே முடியவில்லை.

ஜியாமெட்ரி இன்னும் கஷ்டம். ஆசிரியர் கரும்பலகையில் முக்கோணம் போடுவார். ஹெலனுக்கு அது எங்கே தெரியும்? ஒரு மெத்தையில், நேர்க் கம்பியும் வளைந்த கம்பியும் குத்தி வைத்து, அதைத் தடவிப் பார்த்துத்தான் உருவத்தை அறிந்துகொண்டாள். எந்த மூலைக்கு என்ன எழுத்து, எதை நிரூபிக்க வேண்டும், எந்தக் கோட்டை எங்கே இழுத்தோம் என்பதை எல்லாம் மனசிலேயே வைத்துக்கொள்ள வேண்டும்.

ஹெலனுக்கு இயல்பாகவே கணக்கில் பிரியம் இல்லை. சில சமயம் மனம் உடைந்தாள். கோபத்தில் சல்லிவன் மீது எரிந்து விழுந்ததும் உண்டு. கணக்குப் பாடங்களை எடுத்தவர் கீத் என்ற ஆசிரியர். அவர் பொறுமைசாலி.

கொஞ்ச நாளில் புத்தகங்கள் வந்தன, கருவியும் வந்தது. தடை நீங்கத் தொடங்கியது. ஹெலன் மீண்டும் நம்பிக்கையோடு படிக்க ஆரம்பித்தாள்.

அந்த நேரத்தில்தான் கில்மன் மனம் மாறினார்.

தாய்க்குப் போன தந்தி

பெண் அளவுக்கு மீறி உழைக்கிறாள், உடம்பு தாங்காது என்பது கில்மனின் முடிவு. இரண்டு வருஷத்தில் கல்லூரிக்குப் போகலாம் என்று முதலில் ஒப்புக்கொண்டவர், இன்னும் மூன்று வருஷம் பள்ளியிலேயே இருக்கவேண்டும் என்றார். ஹெலனுக்கு இது பிடிக்கவில்லை. தன் வகுப்புப் பெண்களோடு சேர்ந்தே கல்லூரிக்குப் போகவேண்டும் என்பது அவள் ஆசை.

1897-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி ஹெலனுக்கு உடம்பு சற்றுச் சரியில்லை. பள்ளிக்குப் போகவில்லை. பெரிய நோய் ஒன்றும் இல்லை. ஆனால், கில்மன் இதையே காரணமாக வைத்துப் பாடங்களைக் குறைத்துவிட்டார். குறைத்த பாடத்தோடு அவள் வகுப்பாரோடு பரீட்சைக்குப் போகவே முடியாது.

அதோடு நிற்கவில்லை. சல்லிவன்தான் பெண்ணை வாட்டி வதைக்கிறார் என்று நினைத்து, இருவரையும் பிரித்துவிட ஏற்பாடு செய்தார். அலபாமாவில் இருந்த தாய்க்குக் கடிதம் எழுதினார். எங்கோ தூரத்தில் இருக்கும் தாய் என்ன செய்வாள்? படித்த பெரிய மனிதர் சொல்கிறாரே என்று பயந்து சம்மதம் கொடுத்துவிட்டாள்.

ஹெலனும், அதே பள்ளியில் படித்த அவள் தங்கை மில்ட்ரெடும் அழுது தீர்த்தார்கள். சல்லிவனோ, ஹெலனை விட்டு அசைய மாட்டேன் என்று நின்றார். உடனே புறப்பட்டு வரும்படி தாய்க்குத் தந்தி பறந்தது.

தாய் வந்தாள். மகளைப் பார்த்தாள். கையைப் பிடித்துப் பேசினாள். மகள் நலமாகத்தான் இருந்தாள். அவளைச் சல்லிவனிடமிருந்து பிரிப்பதுதான் அவளை நோயாளி ஆக்கும் என்று தாய்க்குத் தெரிந்துபோயிற்று. இரண்டு பெண்களையும் பள்ளியிலிருந்து விலக்கிக் கொண்டாள்.

கில்மன் கெட்டவர் அல்ல. விரல் எழுத்தைக் கற்றுக்கொண்டு, பரீட்சை அறையில் பக்கத்தில் உட்கார்ந்தவர் அவர்தானே! ஆனால், புத்தகமும் கருவியும் காலத்தில் வராதது பள்ளியின் குறை. அந்தக் குறையால் வந்த களைப்பை, மாணவியின் பலவீனம் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஹெலன் பிற்பாடு எழுதிய தன் வரலாற்றில் இந்தச் சண்டையைச் சில வரிகளில் முடித்துவிட்டாள். கில்மனைப் பற்றிக் கசப்பாக ஒரு வார்த்தை கிடையாது.

கீத் வாத்தியார்

பள்ளி போயிற்று. படிப்பு போகவில்லை.

ரென்தம் என்ற ஊரில் சேம்பர்லின் என்ற நண்பர் குடும்பத்தோடு ஹெலனும் சல்லிவனும் தங்கினார்கள். 1898-ம் ஆண்டு பிப்ரவரி முதல் ஜூலை வரை, கீத் வாரம் இரண்டு முறை அங்கே வந்து பாடம் சொன்னார். அக்டோபரில் அவர்கள் பாஸ்டனுக்குத் திரும்பினார்கள். அதன் பிறகு எட்டு மாதம், வாரத்துக்கு ஐந்து நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்.

கீத் வாத்தியார் செய்தது மிக எளிய காரியம். போன பாடத்தில் எது புரியவில்லை என்று முதலில் கேட்பார். அதைத் திரும்பச் சொல்வார். பிறகுதான் புதுப் பாடம். ஹெலன் டைப் அடித்து வைத்த கிரேக்கப் பாடத்தை வீட்டுக்கு எடுத்துப் போய், ஒவ்வொரு பிழையாகத் திருத்திக் கொண்டு வருவார்.

அவசரம் இல்லை, குழப்பம் இல்லை. வகுப்பில் தலைகீழாக நின்றும் வராத கணக்கு, மெல்ல மெல்ல வந்தது. கணக்குகளை மனசிலேயே போடவும் அவர் பழக்கினார். எழுதுவதைத் திரும்பிப் பார்க்க முடியாத பெண்ணுக்கு அதைவிட நல்ல யோசனை வேறு ஏது?

பரீட்சைக்கு முதல் நாள் இரவு

இனி, அந்த 1899 ஜூன் பரீட்சைக்கு வருவோம்.

இரண்டு நாள் பரீட்சை. முதல் நாள் கிரேக்கமும் லத்தீனும். மறுநாள் ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா, உயர்நிலைக் கிரேக்கம்.

கேள்வியைச் சல்லிவன் படித்துக் காட்டக்கூடாது என்று கல்லூரி சொல்லிவிட்டது. ஆசிரியையே விடையும் சொல்லிக் கொடுத்துவிட்டார் என்று பின்னால் யாரும் பேச இடம் இருக்கக்கூடாது அல்லவா? அதற்குப் பதிலாக, பெர்க்கின்ஸ் பள்ளி ஆசிரியர் வைனிங் என்பவரை அமர்த்தினார்கள். அவர் கேள்விகளைப் புள்ளி எழுத்தில் நகல் எடுத்துக் கொடுப்பார். கண் தெரியாதவருக்குப் புள்ளி எழுத்தில் கேள்வித் தாள். நியாயமான ஏற்பாடு என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஆனால், எந்தப் புள்ளி எழுத்து என்று யாரும் யோசிக்கவில்லை!

இந்தப் புள்ளி எழுத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பிரான்ஸ் தேசத்தில் லூயி பிரெயில் என்பவர் கண்டுபிடித்த முறை அது. கோலத்துக்கு வைப்பது போல ஆறு புள்ளிகள். அவற்றில் எந்தெந்தப் புள்ளி மேலே எழும்பியிருக்கிறது என்பதைத் தடவிப் பார்த்து எழுத்தை அறியவேண்டும். இங்கிலாந்தில் பிரெயில் முறையை ஒட்டியே வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் சிலர் புள்ளிகளை மாற்றி அமைத்து, அமெரிக்கப் பிரெயில் என்றார்கள். நியூயார்க்கில் இன்னொரு முறை. புத்தகம் படிக்கிற அளவுக்கு ஹெலனுக்கு எல்லாம் தெரியும். ஆனால், கணக்கில் வரும் கூட்டல், கழித்தல், அடைப்பு, வர்க்கமூலம் போன்ற அடையாளங்கள் ஒவ்வொரு முறையிலும் ஒவ்வொரு விதம். அல்ஜீப்ராவில் ஹெலன் பழகியது இங்கிலாந்து முறையை மட்டுந்தான். பரீட்சைத் தாள் வரப்போவது அமெரிக்க முறையில்!

பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால், வைனிங் ஒரு பழைய அல்ஜீப்ராத் தாளை மாதிரிக்காக அனுப்பினார். அதைத் தடவிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. ஹெலனுக்குத் திக்கென்றது. உடனே உட்கார்ந்து, அடையாளங்களை விளக்கும்படி வைனிங்குக்குக் கடிதம் எழுதினாள். மறு தபாலில் இன்னொரு தாளும், அடையாளப் பட்டியலும் வந்தன.

அல்ஜீப்ராப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு. மற்றப் பெண்கள் பாடத்தைப் புரட்டிக்கொண்டிருந்திருப்பார்கள். ஹெலனோ புது அடையாளங்களை உருப்போட்டுக்கொண்டிருந்தாள். எது அடைப்பு, எது வர்க்கமூலம் என்று விரலுக்குப் பிடிபடவில்லை. கீத் வாத்தியாரும் கலங்கிப் போனார். மறுநாள் காலை நேரத்தோடு போய், வைனிங்கிடம் அந்த அடையாளங்களை விளக்கமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

ஜியாமெட்ரியும் அப்படித்தான். தேற்றங்களைக் கையில் எழுதிக் காட்டக் கேட்டும், எழும்பிய அச்செழுத்தில் தடவியும் பழகியவள் அவள். புள்ளி எழுத்தில் படித்தபோது, தெரிந்த தேற்றமே தெரியாதது போல இருந்தது. ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பத் தடவினாள். நேரம் ஓடியது. டைப் அடித்த விடையைத் திருப்பிப் பார்க்க வழி இல்லை. 1897-ல் கில்மன் செய்தது போல, எழுதியதைப் படித்துக் காட்டவும் இந்த முறை யாரும் இல்லை.

வைனிங் நல்லவர்தான். ஆனால், ஹெலனின் பேச்சு அவருக்குப் பழக்கம் இல்லை. அவர் ஏதாவது சொல்ல வேண்டுமானால் புள்ளி எழுத்தில் எழுதித்தான் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் ஒரு வார்த்தையும் சொல்ல முயலவில்லை.

இத்தனையும் தாண்டி, ஹெலன் தேறிவிட்டாள்! கல்லூரியில் சேரத் தகுதி பெற்றதாகச் சான்றிதழ் வந்தது. தங்களை அறியாமலே எவ்வளவு பெரிய தடைகளைக் குறுக்கே வைத்தார்கள் என்பது அந்த நிர்வாகிகளுக்குத் தெரியவே தெரியாது என்று ஹெலன் பின்னால் எழுதினாள். தான் அவற்றையும் தாண்டியதில் ஒரு திருப்தி என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஒரு கடிதம்

சான்றிதழ் வந்ததும் ஹெலன் கல்லூரிக்கு ஓடிவிடவில்லை. இன்னும் ஒரு வருஷம் கீத் வாத்தியாரிடமே படித்தாள். பட்ட அடியில் ஒரு பாடமும் கற்றிருந்தாள். எது தேவை என்பதைப் போகிற இடத்தில் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும் என்பதே அது.

1900-ம் ஆண்டு மே 5-ந் தேதி, ராட்கிளிஃப் கல்லூரியின் கல்விக் குழுத் தலைவருக்கு ஒரு கடிதம் எழுதினாள். சுற்றி வளைக்காத கடிதம். கல்லூரியின் வழக்கமான பாடங்களைத் தான் படிக்க முடியுமா என்று கேட்டாள். வகுப்பறையில் சல்லிவனோ, சில பாடங்களுக்கு வேறு ஒருவரோ, தன் பக்கத்தில் இருந்தே ஆகவேண்டும் என்றாள். பரீட்சைத் தாளைப் படித்துக் காட்டவும் ஆள் வேண்டும் என்றாள். எழுத்து வேலை முழுவதையும் டைப்ரைட்டரில் செய்வேன் என்றாள். தன் பேச்சு பேராசிரியருக்குப் புரியாவிட்டால், விடையை எழுதி வகுப்பு முடிந்ததும் கொடுப்பேன் என்றாள். இதுவரை இல்லாத இந்த ஏற்பாடுகளுக்குக் கல்லூரி இடம் கொடுக்க முடியுமா என்று கேட்டு முடித்தாள்.

கெஞ்சல் இல்லை, மிரட்டலும் இல்லை. எனக்கு இது வேண்டும், இதற்கு நீங்கள் தயாரா என்ற கேள்விதான். மாணவர்களுக்கு இத்தகைய வசதிகளைச் செய்து தரவேண்டும் என்று எந்தச் சட்டமும் அப்போது அமெரிக்காவில் இல்லை. அதற்கான தேசிய சட்டங்கள் 1973-லும் 1975-லும்தான் வந்தன. 20 வயது நிரம்பாத பெண்ணின் கையில் இருந்தது அந்த ஒரு கடிதம்தான்.

1900-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஹெலன் ராட்கிளிஃபில் சேர்ந்தாள்.

கை நிறையப் பாடம்

கல்லூரி வாழ்க்கை அவள் கனவு கண்டது போல இல்லை. பேராசிரியர் பேசுவது தொலைபேசியில் வருவது போல எட்டத்தில் இருந்தது. சல்லிவன் முடிந்த வேகத்தில் கையில் எழுதினார். வீட்டுக்கு வந்த பிறகு, நினைவில் நின்றதைப் புள்ளி எழுத்தில் குறித்துக்கொள்வாள். டைப்ரைட்டரில் எழுத்துத் தகட்டை மாற்றிக்கொள்ளலாம். ஒன்றில் கிரேக்க எழுத்து. ஒன்றில் பிரெஞ்சு எழுத்து. ஒன்றில் கணக்கு அடையாளங்கள்.

பாடப் புத்தகங்களில் மிகச் சிலதான் தடவிப் படிக்கக் கிடைத்தன. மற்றவை எல்லாம் சல்லிவனின் கண் வழியாக வந்து, விரல் வழியாகப் போயின. வெளியே மற்றப் பெண்கள் சிரித்துப் பாடி ஆடும்போது, தான் மட்டும் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறதே என்று ஹெலனுக்கு ஆத்திரம் வரும். சற்று நேரத்தில் தானே சிரித்துக்கொள்வாள்.

சல்லிவனின் கண் கெட்டது. நாள்தோறும் மணிக் கணக்கில் படிப்பது பைத்தியக்காரத்தனம் என்று கண் மருத்துவர் கண்டித்தார். அவர் நிறுத்தவில்லை.

இதற்கு நடுவில், படிக்கும்போதே, ஹெலன் தன் வரலாற்றை எழுதினாள். 1903-ல் புத்தகமாக வந்தது. உலகம் முழுவதும் அதைப் படித்தார்கள்.

1904-ம் ஆண்டு ஜூன் 28-ந் தேதி பட்டமளிப்பு விழா. கண்ணும் காதும் இல்லாத ஒருவர் பி.ஏ. பட்டம் பெற்றது அதுவே முதல் தடவை. அதுவும் சிறப்புத் தேர்ச்சி. பட்டத்தில் இருந்தது ஒரே பெயர். நான்கு வருஷம் ஒவ்வொரு வகுப்பிலும் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு புத்தகத்தையும் படித்த சல்லிவனுக்குக் கல்லூரி எந்தப் பட்டமும் தரவில்லை.

புள்ளிச் சண்டை

பிறகு ஹெலன் கெல்லர் அம்மையார் பெற்ற புகழை எல்லோரும் அறிவார்கள். ஊர் ஊராகச் சென்று பேசினார். கண் தெரியாதவர்களுக்காக நிதி திரட்டினார். 1936-ல் சல்லிவன் காலமானார். 1955-ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகம் ஹெலனுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. ஹார்வர்டின் கௌரவப் பட்டம் பெற்ற முதல் பெண் அவர்தான். சிறு வயதில் ஹார்வர்டில்தான் படிப்பேன் என்று சொன்ன பெண்ணுக்கு அப்போது வயது 75 ஆகப்போகிறது! 1968-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி காலமானார்.

அவரை ஓர் இரவு முழுக்கக் கலங்க வைத்த புள்ளி எழுத்து என்ன ஆயிற்று?

சண்டை வெகு காலம் நடந்தது. ஒவ்வொரு பள்ளியும் தன் முறையே சிறந்தது என்றது. ஒரு முறையில் படித்தவர் மற்ற முறைப் புத்தகத்தைப் படிக்க முடியாமல் தவித்தார். ஒரே எழுத்து முறை வேண்டும் என்று வாதாடியவர்களில் ஹெலனும் ஒருவர். கடைசியில் 1932-ல் இங்கிலாந்தும் அமெரிக்காவும் ஒரே பிரெயிலுக்கு உடன்பட்டன.

அது படிக்கிற எழுத்துக்கு. கணக்கு அடையாளங்களுக்கு அமெரிக்காவில் ஓர் ஒழுங்கு வர மேலும் இருபது வருஷம் ஆயிற்று. ஆபிரகாம் நெமெத் என்பவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர், கணக்குப் படித்தவர். தாம் கணக்குப் போடுவதற்காக அவரே ஓர் அடையாள முறையை வகுத்துக்கொண்டார். 1952-ல் அமெரிக்கா அதை ஏற்றுக்கொண்டது. அல்ஜீப்ராப் பரீட்சைக்கு முதல் நாள் இரவு அடைப்பையும் வர்க்கமூலத்தையும் தேடித் தடவிய ஹெலனுக்கு, அந்த வருஷம் வயது 72.